நாத்தனாரின் நான்கு முன்பற்கள்

பல் டாக்டராக ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு, முப்பத்திரண்டு வயதில் அவள் மறுபடி புத்தகப் பையைத் தூக்கினாள். பல் சீரமைப்பு மேற்படிப்பு, மூன்று வருடம். அதுவரை அவள் செய்ததெல்லாம் பிடுங்குவதும் அடைப்பதும்தான். காலையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவரை மத்தியானத்துக்குள் சிரித்த முகமாக அனுப்பிவிடலாம். புதிய படிப்பில் அந்தச் சுகம் கிடையாது. ஒரு பல் ஒரு மாதத்தில் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் அதுவே பெரிய ஓட்டம்.

"உனக்குப் பொறுமை வருமா?" என்று கணவன் கேட்டான். அவன் நில அளவையாளன். வேலி, எல்லைக்கல், பாகப்பிரிவினை என்று ஊர் ஊராக அலைகிறவன். "நான் ஒரு அடி தப்பா அளந்தா ரெண்டு பக்கமும் அரிவாளோட வந்துடுவாங்க. உன் வேலை தேவலை. தப்பினா கண்ணுக்கே தெரியாது."

முதல் நான்கு மாதம் ஒரு வாயைக்கூடத் திறந்து பார்க்க விடவில்லை. கம்பி வளைப்பதுதான் வேலை. சதுரம், முக்கோணம், கொக்கி, வளையம். வளைத்த கம்பியைக் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்துப் பேராசிரியை நகத்தால் ஒரு தட்டு தட்டுவார். கம்பி ஆடினால் ஒரு வார்த்தை பேசாமல் குப்பைக்கூடையில் போடுவார். அவளுடைய கம்பிகள் ஏறக்குறைய மூன்று மாதம் கூடைக்கே போயின. இடுக்கி பிடித்துப் பிடித்துக் கட்டைவிரலில் கொப்புளம் வந்து, உடைந்து, காய்த்துப்போனது. கூடப் படித்த மூன்று பேரில் நெட்டையன் என்று எல்லோரும் கூப்பிடுகிறவன் ஒருவன் இருந்தான். பல் நாற்காலிக்கும் அவன் உயரத்துக்கும் ஒத்தே வராது. கேள்விக்குறி மாதிரி வளைந்து நின்றுதான் வேலை செய்வான். ஆனால் அவன் வளைத்த கம்பி முதல் வாரமே ஆடாமல் படுத்தது. அவளுக்கு வயிறு எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வளைத்துக்கொண்டே இருந்தாள். மூன்றாம் மாதக் கடைசியில் ஒரு கம்பி அசையாமல் கிடந்தது. பேராசிரியை இரண்டு தரம் தட்டிப் பார்த்துவிட்டு, "சரி, அடுத்தது," என்றார். அதற்குமேல் பாராட்டத் தெரிந்தவர் இல்லை அவர்.

பிறகு நோயாளிகள் வந்தார்கள். கடைசித் தேர்வில் ஐந்து பேரை முழுதாகக் காட்ட வேண்டும் என்பது விதி. ஆரம்பத்தில் எப்படி இருந்தது, என்ன செய்தோம், எப்படி முடிந்தது என்று பிளாஸ்டர் அச்சு, புகைப்படம், எக்ஸ்ரே எல்லாவற்றையும் மேஜையில் அடுக்கி வைத்து, அந்த ஐந்து பேரையும் நேரில் வரவழைத்து உட்கார வைக்க வேண்டும். அதில் ஒருவராவது முப்பது வயதைத் தாண்டியவராக இருக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள், பெரியவர்கள்தான் கிடைக்கவில்லை. இந்த வயதில் கிளிப் மாட்டிக்கொண்டு அலுவலகம் போவதா என்று கூச்சம்.

இந்தக் குறையை அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் சொல்லிக்கொண்டிருந்தபோது, கணவனின் அக்கா தட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"என் பல்லை எடுத்துக்கோ."

நாத்தனாருக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்சியாளர். முதல்முறை ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவர்கள் பக்கத்தில் நாள் முழுக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்காருகிற வேலை. அதனாலோ என்னவோ வேறு எதற்கும் அவர் பயப்பட்டதில்லை. மேல் முன்பற்கள் நான்கும் உதட்டைத் தாண்டி வெளியே நின்றன. சின்ன வயதிலிருந்தே சிரிக்கும்போது கை தானாக வாயை மூடப் போய்விடும்.

"பிரேக் போடுன்னு கத்தும்போதுகூடக் கை வாய்க்குப் போயிடுது," என்றார். "கத்துக்க வர்றவங்க நான் பயந்துட்டேன்னு நினைச்சு அவங்களும் ஸ்டியரிங்கை விட்டுடறாங்க."

மேஜையைச் சுற்றிச் சிரிப்பு. அவளும் சிரித்தாள். உள்ளுக்குள் கணக்குப் போட்டுவிட்டாள்: முப்பது தாண்டியவர், முன்பல் ஒன்பது மில்லிமீட்டர் வெளியே, ஈறு ஆரோக்கியம், வராமல் ஏமாற்ற மாட்டார். தேர்வு மேஜையில் வைக்க இதைவிட நல்ல வாய் கிடைக்காது.

அச்செடுத்தாள். படம் எடுத்தாள். எக்ஸ்ரேயின் மேல் மெல்லிய தாளை ஒட்டித் தாடையின் கோடுகளைப் பென்சிலால் வரைந்து கோணங்களை அளந்தாள். கோரைப்பல்லுக்கு அடுத்த பல்லை நாலு பக்கமும் எடுத்துவிட்டு, அந்த இடத்துக்குள் முன்பற்களை இழுத்துக் கொண்டுபோவது என்று திட்டம். சம்மதப் படிவத்தில் என்னென்ன ஆபத்து உண்டு என்று ஏழு இருந்தன. நாலாவது, வேர் கரைதல். பல்லைத் தள்ளும்போது எலும்பு கரைந்து வழிவிட வேண்டும். சிலருக்கு எலும்போடு சேர்ந்து வேரின் நுனியும் கரைந்துவிடும். மற்ற நோயாளிகளுக்கு இதைப் படம் வரைந்து விளக்குவாள். நாத்தனாரிடம் படிவத்தை நீட்டியபோது அவர், "எங்க கையெழுத்து, இங்கயா?" என்று கேட்டுப் போட்டுவிட்டார். அவளும் விட்டுவிட்டாள்.

வேலை வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கியது. பல்லை இழுக்கிற ரப்பர் சங்கிலி மாட்டிய மாதமே இடைவெளி குறையத் தொடங்கியது. எட்டாம் மாதம் நாத்தனாரின் உதடு, வாழ்க்கையில் முதல் தடவையாக, முயற்சி இல்லாமல் மூடியது. பேராசிரியை பக்கவாட்டிலிருந்து பார்த்துவிட்டு, "நல்லா போகுது," என்றார். அவர் வாயிலிருந்து மூன்றாம் வருடத்தில்கூட நெட்டையனுக்குக் கிடைக்காத சொல் அது.

கிளிப் மாட்டி ஆறு மாதத்திலிருந்து ஒன்பது மாதத்துக்குள் ஒரு எக்ஸ்ரே எடுத்து வேரைப் பார்க்க வேண்டும். மற்ற நால்வருக்கும் கோப்பின் மேல் சிவப்பு மையில் தேதி எழுதி வைத்து எடுத்தாள். நாத்தனார் விஷயத்தில், தேதி குறிப்பதே வீட்டில்தான். "செவ்வாய்க்கிழமை வரட்டுமா?" "வாங்க அண்ணி." கோப்பு ஆஸ்பத்திரியில், பேச்சு சாப்பாட்டு மேஜையில். எக்ஸ்ரே எடுக்க வேண்டிய வாரம் மிஷின் ரிப்பேர். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அடுத்த தடவை நாத்தனாருக்கு அவசரம், பயிற்சி வண்டி வெளியே நின்றுகொண்டிருந்தது. அதற்கடுத்த தடவை அவளுக்கே நினைவில்லை. நம்ம வீட்டு ஆள்தானே, எப்போது கூப்பிட்டாலும் வருவார் என்கிற நினைப்பில் மாதங்கள் ஓடின.

பதினாறாம் மாதம், தேர்வுக்கு ஐந்து மாதம் இருக்கும்போது, மேஜையில் வைக்க வேண்டியவற்றைப் பட்டியல் போட்டாள். ஐந்தாவது ஆளுக்கு நடுவில் எடுத்த எக்ஸ்ரே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அன்றே வரச்சொல்லி எடுத்து அனுப்பினாள். மத்தியானம் படம் கைக்கு வந்தது. வெளிச்சப் பெட்டியில் மாட்டினாள். மேல் முன்பற்கள் நான்கின் வேர்களிலும் மூன்றில் ஒரு பங்கைக் காணோம். நுனி கூராக இருக்க வேண்டிய இடத்தில் தேய்ந்துபோன பென்சில் மாதிரி மொட்டையாக நின்றது.

பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் மாட்டினாள். ஆரம்பத்திலேயே அந்த வேர்களின் நுனி வழக்கத்துக்கு மாறாக மெலிந்துதான் இருந்திருக்கிறது. அப்படிப்பட்ட வேர் சீக்கிரம் கரையும் என்பது முதல் வருடப் பாடம். பரீட்சையில் கேட்டால் உறக்கத்தில்கூடச் சொல்லியிருப்பாள். ஒரு அளவுகோலை வைத்து நான்கையும் அளந்து தாளில் எழுதினாள்.

நெட்டையன் பின்னால் வந்து குனிந்து பார்த்தான்.

"இன்னும் எவ்வளவு இடைவெளி மூடணும்?"

"ரெண்டு மில்லிமீட்டர்."

"ரெண்டு மாசம். மூடிட்டுக் கழட்டிடு. வெளியிலிருந்து பார்த்தா அழகா இருக்கும்."

"வேரு?"

"உன் அண்ணி வேரைக் காட்டியா சிரிக்கப் போறாங்க?" என்றவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "சரி விடு. மேடம்கிட்ட சொல்லு."

பேராசிரியை இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். நடுவில் ஏன் எடுக்கவில்லை என்று கேட்டார். மறந்துவிட்டதாகச் சொன்னாள். மிஷின் ரிப்பேர் என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அது பத்து நாள்தான் ரிப்பேரில் இருந்தது.

"இழுக்கிற சங்கிலியை நாளைக்கே எடுத்துடு. மூணு மாசம் எதையும் தள்ளக் கூடாது. அப்புறம் ஒரு எக்ஸ்ரே. கரையறது நின்னிருந்தா, என்ன செய்யலாம்னு பார்க்கலாம்." கோப்பை மூடினார். "அவங்ககிட்ட யார் சொல்றது? நானா?"

"நானே சொல்றேன் மேடம்."

வீட்டில் சொல்லக் கூடாது என்று முடிவுசெய்தாள். அன்று சாயங்காலமே நாத்தனாருக்குப் போன் செய்து, காலை முதல் ஆளாக வரச் சொன்னாள். என்ன விஷயம் என்று கேட்டதற்கு, "எக்ஸ்ரேல ஒண்ணு இருக்கு அண்ணி, நேர்ல காட்டணும்," என்றாள்.

மறுநாள் நாத்தனார் நாற்காலியில் சாய்ந்து வழக்கம்போல் வாயைத் திறந்தார். "திறக்க வேண்டாம். நிமிர்ந்து உட்காருங்க," என்றாள் அவள். இரண்டு படங்களையும் காட்டினாள். எது வேர், முன்பு எவ்வளவு நீளம், இப்போது எவ்வளவு என்று சொன்னாள். கரைந்த வேர் திரும்ப வளராது என்பதையும் சொன்னாள்.

"விழுந்துடுமா?"

"ஈறை நல்லா வச்சிருந்தா விழாது. பல வருஷம் தாங்கும். ஆனா முன்ன இருந்த பலம் இருக்காது. அடிபடாம பார்த்துக்கணும்."

"இது எல்லாருக்கும் வருமா?"

"கொஞ்சம் எல்லாருக்கும் வரும். இவ்வளவு சில பேருக்குத்தான். நடுவுல ஒரு எக்ஸ்ரே எடுத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும், நிறுத்தியிருக்கலாம்."

நாத்தனார் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் எடுக்கல? உனக்குத் தெரியாதா, மறந்துட்டியா?"

"மறந்துட்டேன்."

"மத்தவங்களுக்கு எடுத்தியா?"

"எடுத்தேன்."

அவ்வளவுதான் பேச்சு. சங்கிலியை எடுத்துவிட அனுமதித்தார். வாயைக் கொப்பளித்தார். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய், வரவேற்பு மேஜையில் நின்று, இனிமேல் தன்னைப் பேராசிரியைதான் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தத் தாள் பத்து நிமிடத்தில் அவள் கைக்கே வந்தது. கோப்பில் சேர்த்து வைப்பது அவள் வேலை.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் நாத்தனார் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டுக்கு வருவதும் நிற்கவில்லை. வருவார், தம்பியோடு பேசுவார், அவள் வைத்ததைச் சாப்பிடுவார், "போதும்" என்பார், போய்விடுவார். கணவன் இரண்டு பக்கமும் தலையாட்டிப் பார்த்தான்.

"அக்காகிட்ட நான் பேசட்டுமா?"

"என்னன்னு பேசுவ?"

அவன் யோசித்தான். "தெரியல."

"அப்ப பேசாத."

அவன் பேசவில்லை. ஒரு நாள் மட்டும், அக்கா போன பிறகு, "உன்மேல எனக்கும் கொஞ்சம் கோபம்தான்," என்றான். அவள் சரி என்றாள். அதைச் சொன்னது நல்லதாகவே பட்டது.

மூன்று மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் வேர்கள் அதே நீளத்தில் இருந்தன. கரைவது நின்றுவிட்டது. பேராசிரியை நாத்தனாரை உட்கார வைத்து, மிச்ச இடைவெளியை மூட முயல வேண்டாம், இத்தோடு கழற்றிவிடலாம் என்றார். அவரே கிளிப்பைக் கழற்றினார். பற்கள் பின்னால் போகாமலும் முன்னால் வராமலும் பிடித்துக்கொள்ள உள்பக்கம் மெல்லிய கம்பி ஒன்றை ஒட்டினார். அவள் பக்கத்து நாற்காலியில் ஒரு பள்ளிச் சிறுமிக்கு ரப்பர் மாற்றிக்கொண்டிருந்தாள். கிளிப் பல்லிலிருந்து விடுபடுகிற சின்னச் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. மேலே பத்து, கீழே பத்து. இருபதையும் அவள் எண்ணினாள்.

தேர்வுக்கு ஒரு மாதம் இருந்தது. பேராசிரியை அவளை அறைக்குக் கூப்பிட்டார். முன்பு படித்துவிட்டுப் போன ஒருவர் ஆரம்பித்து, அவள் கைக்கு வந்து முடிந்த நோயாளி ஒருவர் உண்டு; முப்பத்தொரு வயது வங்கி ஊழியர். பிரமாதம் இல்லை, ஆனால் குறை சொல்ல ஒன்றும் கிடையாது.

"ஐந்தாவதா அதை வை. விதி இடம் கொடுக்குது," என்றார்.

"அதுல பாதி வேலை என்னோடது இல்ல மேடம்."

"இதுல முழுக்க உன்னோடது. அதுதான் பிரச்சினை."

அவள் ஒரு நாள் டைம் கேட்டாள். பெரிய தியாகம் செய்கிற எண்ணமெல்லாம் இல்லை. அந்த வங்கி ஊழியரின் பற்களைப் பற்றிக் கேள்வி கேட்டால் யாரோ போட்ட திட்டத்தை ஒப்பிக்க வேண்டும். நாத்தனாரின் வாயில் எந்தப் பல் எந்த வாரம் எவ்வளவு நகர்ந்தது என்பது அவளுக்கு விரல் நுனியில் இருந்தது, தவறு உட்பட. மேஜையில் வேறொன்றை வைத்துவிட்டு அதை மறைத்து நிற்பதுதான் கடினம் என்று தோன்றியது. ஆனால் நோயாளி சம்மதித்து நேரில் வர வேண்டும்.

பயிற்சிப் பள்ளிக்குப் போனாள். நாத்தனார் வண்டியின் முன்பக்கத்தில் சாய்ந்து ஏதோ பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். உதடு இயல்பாக மூடியிருந்தது. அழகாகத்தான் இருந்தார்.

"தேர்வுல உங்க கேஸை வைக்கலாம்னு இருக்கேன் அண்ணி. நீங்க வந்து உட்காரணும்."

"என் பல்லை வச்சு பாஸ் ஆகணுமா?"

"பாஸ் ஆவேனான்னு தெரியல. வேற கேஸ் இருக்கு. அதை வச்சா ஈஸி."

"அப்புறம் ஏன் இது?"

"என்ன நடந்துச்சோ அதைச் சொல்லலாம்னு."

நாத்தனார் பதிவேட்டை மூடினார். "நாலு பேர் முன்னாடி உன் தப்பை நீயே சொல்லப் போறே."

"ஆமா."

"அப்ப நான் வர்றேன். நீ சரியா சொல்றியான்னு பார்க்கணும்."

தேர்வு நாளன்று நீளமான கூடத்தில் ஆளுக்கொரு மேஜை. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அச்சுகளை முகத்துக்கு அருகே வைத்துப் பார்க்கிறவர். மனிதர்களைப் பார்க்கும்போதுதான் கண்ணாடியை இறக்குவார். முதல் நான்கு பேரைப் பத்துப் பத்து நிமிடத்தில் முடித்தார். ஐந்தாவதில் எக்ஸ்ரேயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது எந்த மாசம்?"

"பதினாறாவது மாசம் சார்."

"அதுக்கு முன்னாடி?"

"ஆரம்பத்துல எடுத்தது."

"நடுவுல?"

"எடுக்கல. எடுத்திருக்கணும். வீட்டு ஆளுங்கிறதால தேதியைக் கோப்புல எழுதாம வாய்ப்பேச்சுல வச்சிருந்தேன். மறந்துட்டேன். ஆரம்பப் படத்துலயே வேர் நுனி மெலிஞ்சிருந்துச்சு. அதையும் கவனிக்கல."

தேர்வாளர் கண்ணாடியை இறக்கி, நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தார்.

"உங்ககிட்ட எப்ப சொன்னாங்கம்மா?"

"எக்ஸ்ரே எடுத்த மறுநாள் காலைல."

"உங்களுக்குக் கோபம் இல்லையா?"

"இருக்கு," என்றார் நாத்தனார்.

தேர்வாளர் தலையாட்டிக்கொண்டார். பிறகு நாற்பது நிமிடம் அவளைப் பிழிந்தெடுத்தார். எவ்வளவு விசை கொடுத்தாய், ஏன் அவ்வளவு, குறைத்திருந்தால் என்ன ஆகும், இதே வாய் நாளைக்கு மறுபடி வந்தால் எதை மாற்றுவாய், பத்து வருடம் கழித்து இந்தப் பல் ஆடினால் என்ன செய்வாய். சிலவற்றுக்குப் பதில் தெரிந்தது. இரண்டுக்குத் தெரியவில்லை, தெரியவில்லை என்றாள். நாத்தனார் கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே படியிறங்கும்போது, "மிஷின் ரிப்பேர்னு நீ சொல்வேன்னு நினைச்சேன்," என்றார். ஐந்து மாதத்தில் அவராகப் பேசிய முதல் பேச்சு அது.

"அது பத்து நாள்தான் அண்ணி."

"தெரியும். நான்தான் அந்த வாரம் வந்து திரும்பிப் போனேனே." கொஞ்சம் நின்று, "இவ்வளவு கேள்வி எனக்குக் கேட்கத் தெரியல," என்றார்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. தேர்ச்சி. அந்த வருட நால்வரில் நோயாளிப் பகுதியில் மிகக் குறைந்த மதிப்பெண் அவளுடையது. மிக அதிகம் நெட்டையனுடையது. அவன் வந்து, "உன் மேஜையில அந்த ஆள் ஒரு மணி நேரம் நின்னாரு. என் மேஜையில கொட்டாவி விட்டாரு," என்றான். ஆறுதலுக்குச் சொன்னானா, குறைப்பட்டுக்கொண்டானா என்று தெரியவில்லை. பேராசிரியை கை கொடுத்தார். சான்றிதழை வாங்கிக்கொண்டு, ஊரின் வேறொரு மூலையில், இரண்டு நாற்காலி உள்ள ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தாள். நெட்டையன் சந்தைத் தெருவில் சொந்தமாக ஆரம்பித்தான்.

நாத்தனார் வீட்டுக்கு வருவது பழையபடி ஆனது. பேச்சும் வந்தது, கேலியும் வந்தது. வருடத்துக்கு ஒரு தடவை வேரைப் பார்த்துக்கொள்வது மட்டும் பேராசிரியையிடம்தான். படம் எப்படி இருந்தது என்று அவளிடம் சொல்வார்; அவள் கேட்டுக்கொள்வாள். நான்கு பல்லும் அசையவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஒரு மாலை, நாத்தனார் தன் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். பன்னிரண்டு வயது. சிரித்தபோது அம்மாவின் பழைய பற்கள் அப்படியே அந்தச் சின்ன முகத்தில் இருந்தன. பெண் உள்ளே போய் டிவி முன்னால் உட்கார்ந்ததும் நாத்தனார் சமையலறைக்கு வந்தார்.

"இவளுக்குக் கிளிப் போடணும் இல்ல?"

"போடணும் அண்ணி. இது சரியான வயசு."

"நல்ல ஆளா ஒருத்தரைச் சொல்லு."

அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். நாத்தனார் முகத்தில் கோபம் எதுவும் இல்லை.

"உனக்குத் தெரியாதுன்னு சொல்லல. இப்ப உன்னைவிடக் கவனமா யாரும் இருக்க மாட்டாங்க, அது எனக்குத் தெரியும். ஆனா இவளுக்கு நீ அத்தை. அத்தையாவே இரு."

"சரி அண்ணி," என்றாள். மனதில் ஏதோ ஒன்று குத்தியது, நிஜம்தான். ஆனால் யோசித்துப் பார்த்தால் தானும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவித் துடைத்தாள். மேஜையில் உட்கார்ந்து நெட்டையனுக்குக் கடிதம் எழுதினாள். பெண்ணின் வயது, முன்பல் எவ்வளவு வெளியே இருக்கிறது என்ற உத்தேச அளவு. அதற்கு மேலே, முதல் வரியாக, தாய்க்குச் சிகிச்சையின்போது வேர் அதிகமாகக் கரைந்தது, குடும்பத்தில் தொடரக்கூடும் என்று எழுதினாள். சிகிச்சை செய்தது யார் என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, உறையை ஒட்டாமல் நாத்தனாரிடம் கொடுத்தாள்.

நாத்தனார் பிரித்துக் கடைசி வரை படித்தார். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "இந்த நெட்டை டாக்டர் சனிக்கிழமை இருப்பாரா?" என்று கேட்டார்.